முதல் பதினொரு நொடி

“காது இருக்கறப்ப அதெல்லாம் சத்தம்டா, காது போனப்பறம்…” பெரியப்பா இதை எப்படி முடிப்பார் என்பது மட்டும் எனக்கு வருவதே இல்லை. முன்பாதி அவர் குரலிலேயே வருகிறது, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற கொழகொழப்போடு, ‘போனப்பறம்’ என்பதில் ஒரு இழுப்போடு. அதற்குப் பிறகு வெறும் வாயசைவுதான். முப்பது வருஷம் நூல்மில்லில் ரிங் ஃபிரேம் மிஷின்களுக்கு நடுவே நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். காது போனப்பறம் சங்கீதம் என்றிருக்குமா? இருக்காது, சங்கீதம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. காது போனப்பறம் அதுவே சொத்து? இது நான் கட்டுவது, பத்தாவது வரை தமிழிலும் அதற்கப்புறம் இங்கிலீஷிலும் படித்துவிட்டு, இருபத்து மூன்று வருஷம் ஸ்டுட்கார்ட்டில் இருந்துவிட்டு வந்தவனுடைய அழகு. பெரியப்பாவின் பேச்சில் அழகு கிடையாது, கனம் மட்டும்தான். சரி, இப்போது எதற்கு அது. பீட்டர்ராஜ் கையைத் தூக்கிவிட்டார். அவர் கையைத் தூக்கினால் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும், அது இந்த ஹாலின் சட்டம். மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை பதினொன்று, பீளமேட்டில் மருதாசலம் அண்ணன் வீட்டு மாடி. ஃபேன் அணைத்தாகிவிட்டது, ஏசி அணைத்தாகிவிட்டது, கீழே ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் அணைத்தாகிவிட்டது. நாலு சுவரிலும் பவானி ஜமக்காளம் தொங்குகிறது, அதற்குப் பின்னால் மூட்டை மூட்டையாக வாங்கி அடைத்த கழிவுப் பஞ்சு. இங்கே கைதட்டினால் சத்தம் திரும்பி வராது, விழுந்த இடத்திலேயே செத்துப்போகும். என் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்குகிறது. எதிரே குறுக்குவாட்டில் கொடி கட்டி ஒரு எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டிருக்கிறோம், அதற்குப் பின்னால் ஏ என்று ஒரு பெட்டி, பி என்று ஒரு பெட்டி. கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடப்பதைத் திரும்பச் சத்தமாக மாற்றித் தருகிற பெட்டிகள், டேக் என்போம். ஒன்று டாக்டர் ரியாஸ் ஜப்பானிலிருந்து வரவழைத்தது, ஆட்டுக்கல் கனம். இன்னொன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, எந்தக் கடையிலும் கிடைப்பது. எது ஏ, எது பி என்பது வேட்டிக்குப் பின்னால் நிற்கிற பீட்டர்ராஜுக்கு மட்டும்தான் தெரியும். பாடப்போவது என் பதிவு.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. முதலில் கூம்புகள். பெட்டிக்கு அடியில் வைத்தால் அதிர்வு போகுமாம். மருதாசலம் அண்ணன் தன் பம்ப் கம்பெனி லேத்திலேயே பித்தளையில் கடைந்து கொண்டுவந்திருந்தார். “வைக்கறதுக்கு முந்தி ராகிக் களியாட்ட இருந்துச்சுங்க, வச்சப்பறம் பாருங்க, பிடிகொழுக்கட்டை! விரல் பதிஞ்ச தடம் தெரியுது.” அவருக்குச் சத்தமெல்லாம் சாப்பாடுதான். இங்கிலீஷ் பத்திரிகையில் வார்ம்த், ஏர், பாடி என்று படித்துப் படித்து நான் மனசுக்குள் மொழிபெயர்க்கத் தடவிக்கொண்டிருப்பேன், சூடா, காற்றா, உடம்பா, எதுவும் ஒட்டாது. அவர் ஒரு வாயில் முடித்துவிடுவார். “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு” என்றார் பீட்டர்ராஜ், மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் அவர் கையால் பிழைத்திருப்பவை. “பீட்டரு, உங்களுக்குக் காது போச்சுங்க.” “டாக்டரு பக்கத்துலதான உக்காந்திருக்காரு, டார்ச் அடிச்சுப் பாக்கட்டும்.” ரியாஸ் காது மூக்கு தொண்டை டாக்டர். “அண்ணா, அம்பதை நெருங்கினா மேல் ஸ்தாயி யாருக்கும் கேக்காதுங்ணா. நம்ம நாலு பேரையும் சேர்த்து வச்சா ஒரு நல்ல காது தேறும், அவ்வளவுதான்.” அப்புறம் மின்சாரக் கேபிள், பாம்பு கனத்தில் ஒன்று, சாதாரணமாக ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தாள்; தினசரிக் காலண்டரில் கிழித்த பழைய தாள்கள், முன்பக்கம் ராகுகாலம் எமகண்டம், பின்பக்கம் எங்கள் தீர்ப்பு. பாட்டு ஓடும்போது யாராவது பேசினால் அடுத்த மாசம் டிபன் அவர் பொறுப்பு. யார் பேசினாலும் டிபன் செய்வது அண்ணனின் மனைவி தெய்வானை அக்காதான் என்பது வேறு விஷயம். அந்த அக்கா காலையில் நான் படியேறும்போது, “ஃபிரிட்ஜை அணைக்கறீங்க, சரி, பாலு திரிஞ்சா மட்டும் என்னையக் கேக்காதீங்க, உங்க பொட்டிகிட்டயே பாலு கறந்துக்கங்க” என்றது. சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாமோ. என் கையில் பென் டிரைவ் இருந்தது, அந்த நினைப்பில் எதற்கும் சிரித்திருப்பேன்.

டக் டக். வேட்டிக்குப் பின்னால் பீட்டர்ராஜ் குமிழைத் திருப்புகிறார். ஏ. தொடங்கிவிட்டது. தொடங்குகிற இடத்தில் அந்தச் சின்ன டிக், நான் வெட்டிய இடம், ரியாஸ் கவனித்திருப்பானோ, அவன் புருவம் அசைந்த மாதிரி இருந்ததே. இல்லை, வியர்வையைத் துடைக்கிறான். பென் டிரைவில் ரெண்டு கோப்பு இருக்கிறது, ‘சகானா’, ‘சகானா முழுசு’. ஏன் ரெண்டையும் எடுத்துவந்தேன்? முழுசை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். பீட்டர்ராஜ் கண்ணாடி போடாமல் தடவி முழுசைத் தட்டிவிட்டிருந்தால்? தட்டவில்லை. வயலின்தான் வருகிறது. சிவநேசனுடைய வயலின், யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டுட்கார்ட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து வாசிப்பார். ஜனவரி, வெளியே பனி, ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் டிணுக் டிணுக்கென்று முனகும், அதையும் அணைக்கச் சொல்லிவிட்டேன். எட்டு டிகிரி அறையில் எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு சகானா ராகம் கேட்டோம். எல்லோரும் என்றால் நாங்கள் மூன்று பேர்: வாசிக்கிறவர், பதிவு செய்கிற நான், என் மனைவி மங்கை. அவளுக்கு ஏழாம் மாசம். மைக் புத்தக அலமாரி மேல், உட்கார இருந்தது ஒரே ஒரு சாய்வு நாற்காலி, அது அலமாரிக்குப் பக்கத்தில். “நீ உள்ளே படுத்துக்கோயேன்” என்றேன். “நான் கேக்க வேண்டாமா?” என்றாள். சரி, வளையலையாவது கழட்டு என்றேன். முந்தின வாரம்தான் அங்கிருந்த நாலு தமிழ்ப் பெண்கள் கூடி வளைகாப்பு போட்டிருந்தார்கள், கைக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல், யாரோ ஊரிலிருந்து பஞ்சுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. “பிரசவத்துக்கு முந்திக் கழட்டக் கூடாதுங்க. உள்ள இருக்கறவ கேக்கறதுக்குத்தான போடறது.” பெண் குழந்தை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பிறகு சால்வையால் ரெண்டு கையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டாள், வளையல் பேசாமல் இருக்க, பதினைந்து நிமிஷம், தன்னையே கட்டிப் போட்டுக்கொண்ட மாதிரி. ஒரு நிமிஷம் நாற்பது நொடி. இதோ. கிணிங். ஒரே ஒரு வளையல், சால்வைக்குள்ளிருந்து. மருதாசலம் அண்ணன் முகத்தைச் சுளிக்கிறார்.

மினிடிஸ்க், நூற்று நாற்பது மினிடிஸ்க், ஒவ்வொன்றின் முதுகிலும் என் கையெழுத்தில் தேதி, ராகம், மைக்கின் பெயர். நூற்று நாற்பதிலும் அவள் இருந்தாள், பக்கத்து அறையில், சமையலறையில், வராந்தாவில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றிலும் பேசவில்லை. நான் பேசவிடவில்லை என்று சொல். விரலைத் தூக்கினால் நின்றுவிடுவாள், இட்லித் தட்டைக் குக்கரில் பாதி இறக்கிய நிலையில், சிலை மாதிரி, கண்ணில் மட்டும் சிரிப்பு. மகள் தாரிணிக்கு ஐந்து வயசாகும்போது ஒரு புதன்கிழமை, சூப்பர்மார்க்கெட் வரிசையில், மங்கையின் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அதற்கப்புறம் பதினேழு வருஷம். போன புதன்கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து தாரிணி கூப்பிட்டாள். புதன்கிழமையில் கூப்பிட்டால் எனக்குத் தெரியும். “அப்பா, நூத்து நாப்பது டிஸ்க் வச்சிருக்கீங்க. ஒண்ணுலகூடவா அம்மா பேசலை?” பார்க்கிறேம்மா என்றேன். “ரெண்டு வருஷமாப் பாக்கறீங்க.” நல்ல டேக் ஒன்று அமையட்டும், எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துக் கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன், இப்போது இருக்கிற பெட்டியில் சின்னச் சத்தமெல்லாம் அமுங்கிப்போகிறது என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது. “எனக்கு அம்மாவோட வாசனை ஞாபகம் இருக்குப்பா. தலை துவட்டி விட்ட துண்டு ஞாபகம் இருக்கு. குரல் இல்லை. கனவுல வர்றாங்க, வாயைத் திறக்கறாங்க, உங்க குரல்ல பேசறாங்க” என்றாள் அவள். இதை அவள் சொன்ன விதத்தில் குறை இல்லை, அழுகை இல்லை, கடையில் ஒரு அளவுச் சட்டை இல்லை என்பதுபோல. நான் என்ன சொன்னேன்? பனி பெய்கிறதா என்று கேட்டேன். ஏப்ரல் மாசம்.

ஏ முடிந்தது. பேனாக்கள் மட்டும் காலண்டர் தாளில் கிறுக்குகின்றன. நான் என்ன எழுதினேன்? ‘ஏ: வயலின் நன்று. அறை மூடியிருக்கிறது.’ டக் டக். பி. இப்போது, மூர்த்தி, என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இப்போது கேள். ரெண்டு வருஷமாக நான் பெட்டிமேல் பெட்டியாக மாற்றியது தாரிணிக்குச் சொன்ன பொய்க்காக மட்டும் இல்லை. இதுவும் உண்மை, இதையும் யாருக்கும் சொன்னதில்லை. பதிவில் இருப்பதை எல்லாம் வெளியே கொண்டுவருகிற பெட்டி ஒன்று உலகத்தில் இருந்தால், வயலினுக்கு இடப்பக்கம், அலமாரிக்குக் கீழே, ஒரு நாற்காலி இருக்க வேண்டும், அதில் ஒரு மூச்சு இருக்க வேண்டும். ஏழாம் மாசத்தில் அவளுக்கு மூச்சு மேல்மூச்சாக வாங்கும், படுக்கையில் நான் அதை எண்ணிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அது மைக்குக்கு மூன்றடியில் இருந்திருக்கிறது. எங்கே போகும்? எண்ணாக மாறி எங்காவது கிடக்கத்தானே வேண்டும். சிவநேசனின் வில் திரும்புகிறது, சகானாவின் அந்த வளைவு, கேட்டு வாங்காமல் கேட்பது போன்ற ஒரு கெஞ்சல், வில் நின்று மறுபடி தொடங்குவதற்குள் ஒரு இடைவெளி, அரை நொடி, அங்கே, அங்கே இருக்கிறாள். இருக்கிறாள்! மூக்கால் இழுத்து வாயால் விடுகிறாள். ஏ-யில் இது இல்லை, சத்தியமாக இல்லை. ஜமக்காளம் தெரியவில்லை எனக்கு, பனி தெரிகிறது, சாய்வு நாற்காலியின் பச்சைத் துணி தெரிகிறது, அவள் காதோரம் மயிர் வியர்வையில்லாமல் உலர்ந்து பறக்கிறது. ஒன்று நாற்பது, கிணிங், எத்தனை பக்கத்தில். மூன்று பன்னிரண்டில் ரெண்டு தடவை வரும். ரெண்டு ஐம்பது. மூன்று. வா. மூன்று ஐந்து.

கதவு திறந்தது. தெய்வானை அக்கா, கையில் தட்டு, தட்டில் டம்ளர்கள். “ஏனுங்க, காப்பி இப்பவே கொண்டாரட்டுங்களா, இல்ல இது முடிஞ்சு—” அண்ணன் திரும்பாமலே, “உஷ்! கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா நீ?” என்றார். அக்காவின் வாய் அந்த ‘முடிஞ்சு’ என்பதிலேயே நின்றது. அப்புறம் மூடியது. நான் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பன்னிரண்டு போய்விட்டது, வளையல் ரெண்டு தடவை அடித்திருக்கும், நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது அந்த உஷ்தான். ஏனென்றால் அது என்னுடையது. அண்ணன் வாயில் என் உஷ் எப்படி வந்தது, அதே வார்த்தை, அதே எரிச்சல், திரும்பிக்கூடப் பார்க்காத அதே கழுத்து. முழுசு என்று பெயர் வைத்த கோப்பில் முதல் பதினொரு நொடி: சிவநேசன் ஒரு தடவை வில்லை இழுத்துச் சுருதி பார்க்கிறார். நாற்காலி கிரீச்சிடுகிறது. பிறகு அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, மைக்குக்கு மூன்றடியில், எந்தப் பெட்டியும் தேவையில்லாத தெளிவோடு: “இங்க பாருங்க, வயலின் சத்தம் கேட்டதும் உதைக்கறா இவ, கையை வச்சுப் பாருங்—” அதன்மேல் நான்: “உஷ்! கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உன்னால?” அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் சகானா. நான் கையை வைத்துப் பார்க்கவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்ததே. முடிந்ததும் பார்க்கலாம் என்று நினைத்தேன், முடிந்ததும் சிவநேசனுக்குக் கடைசி டிராமுக்கு நேரமாகிவிட்டது, டிஸ்க்குக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருந்தது, அவள் படுத்துவிட்டாள். தாரிணிக்கு எப்படிக் கொடுப்பது இதை? உன் அம்மா உலகத்தில் விட்டுவிட்டுப் போனது இத்தனைதான், அதிலும் பேசுவது உன்னைப் பற்றித்தான், அதை வெட்டுகிற குரல் யாருடையது என்று உனக்குத் தெரியும், உன் கனவிலும் அதுதான் வருகிறது. இப்படிக் கொடுக்கப் பயந்துதான் அப்போதே வெட்டினேன். ஒரு ராத்திரி, மங்கை செத்த ரெண்டாம் வருஷம், என் குரலை மட்டும் எடுத்துவிட எத்தனையோ பார்த்தேன். ரெண்டும் ஒன்றின்மேல் ஒன்று, பிரிக்க வரவில்லை, என்னை எடுத்தால் அவளும் போனாள். கடைசியில் மொத்தமாக வெட்டினேன். டிக்.

பி முடிந்தது. அக்கா எப்போது இறங்கிப் போனது என்று தெரியவில்லை. படியில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்ட ஞாபகம். ‘பி: அறை திறக்கிறது. மூச்சு கேட்கிறது’ என்று எழுதியிருக்கிறேன், எப்போது எழுதினேன், கதவு திறப்பதற்கு முன்னாலா? ஃபேன் ஓடத் தொடங்கியது. தாள்களை ரியாஸ் படித்தான். அவன் தாளில், “பி-யில் மேடை அகலம். வில்லில் தடவிய பிசின் தேய்வது தெரிகிறது. ஏ வறட்சி.” அண்ணன் தாளில், “ஏ பழைய சோறு. பி சுடச்சுடச் சோறு, நெய் விட்டது.” அப்புறம் என் தாள். “மூச்சு வேற கேட்டுச்சாங்க தம்பிக்கு! அப்ப பி-தான், சந்தேகமே இல்லீங்க, மூணுக்கு மூணு” என்று அண்ணன் எழுந்து வேட்டியை விலக்கினார். பீட்டர்ராஜ் குனிந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. “என்னங்க பீட்டரு, சொல்லுங்க, டாக்டரோட ஆட்டுக்கல்லுதான பி?” “சார், ஒரு சின்னத் தப்பு ஆயிப்போச்சு.” “என்ன தப்பு?” “குமிழ் ஒரு தடவை திருப்பினா ஒரு டக்குத்தான் கேக்கும், மாத்தினது தெரிஞ்சுபோகும், ரெண்டு தடவை டக்குப் பண்ணுங்கன்னு டாக்டர்தான் சொன்னாரு.” “ஆமா, சொன்னேன்.” “நானும் ஒவ்வொரு தடவையும் ரெண்டு டக்குப் பண்ணேன். ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு… வர்றதுக்கு.” ரியாஸ் எழுந்து பெட்டிகள் பக்கம் வந்தான். “அப்படின்னா?” “அப்படின்னா ஏ-யும் இதுதான், பி-யும் இதுதான்” என்று தீப்பெட்டியைத் தொட்டுக் காட்டினார் பீட்டர்ராஜ். “உங்க ஜப்பான் பொட்டி காலையிலிருந்து வாயே திறக்கலை டாக்டர். தொட்டுப் பாருங்க, சூடே இல்லை.” அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். “நெய் விட்டேனே, ஏனுங்க, நெய்யே விட்டேனே!” “பேசினது நீங்கதாங்ணா, அடுத்த மாசம் டிபன் உங்களது” என்றான் ரியாஸ், தோல்வியை எங்காவது இறக்கி வைக்க. “நான் எங்கீங்க பேசினேன், உஷ்ஷுன்னேன். உஷ்ஷு பேச்சுல சேராது.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன், கன்னம் வலித்தது. ஒரே பெட்டி. அப்படியானால் ஏ-யில் ஏன் வரவில்லை அவள்? பி-யில் எங்கிருந்து வந்தாள்? மறுபடி போடச் சொல்லலாமா? போட்டால் இருப்பாளா? இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். நான் போடச் சொல்லவில்லை.

காப்பி குடிக்கக் கீழே இறங்கினோம். அவர்கள் மூன்று பேரும் கூடத்தில் குமிழைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், விளக்கு வைத்த குமிழாகப் போட வேண்டும், அடுத்த மாசம் மறுபடி முதலிலிருந்து. நான் டம்ளரை வைக்கச் சமையலறை வாசலுக்குப் போனேன். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. தெய்வானை அக்கா பாலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. “தப்பிச்சுதுங்க” என்றது. அப்புறம், என்னைப் பார்க்காமல், “தம்பி, அந்தப் பாட்டுல வளவி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது யாருங்க?” என்றது. “உங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்?” “படியில நின்னுக்கிட்டுத்தான இருந்தேன், முதல் தடவையும் கேட்டேன், ரெண்டாந்தடவையும் கேட்டேன். கண்ணாடி வளவி, நெறையப் போட்டிருக்கற கை. ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்சு விழுகறது தெரியும்ல? வளைகாப்பு வளவியாட்டத்தான் இருந்துச்சு.” என் வீட்டுக்காரி என்றேன். அக்காவுக்கு அவள் இல்லை என்பது தெரியும். பாலை அடுப்பில் வைத்தது, பற்ற வைக்கவில்லை. “என்ன புள்ளைங்க அப்ப வயித்துல?” “பொண்ணுங்க. ஒரே பொண்ணு. அங்கதான் இருக்குது.” “அந்தப் புள்ளை கேட்டுச்சுங்களா இதை?” “இல்லீங்க்கா.” “அட, என்ன தம்பி நீங்க. அதுக்குன்னு போட்ட வளவிதானுங்களே அது” என்றது. பிறகு கூடத்துப் பக்கம் திரும்பி, “ஏனுங்க, இப்பப் பேசலாமுங்களா நானு? மத்தியானத்துக்கு ரசம் வைக்கட்டுங்களா, மோர்க்கொழம்பு போதுங்களா? இல்ல அதையும் சீட்டுல எழுதிக் குடுப்பீங்களா?” என்று குரலை எடுத்துக் கேட்டது. அங்கே சிரிப்பு. “உங்கிட்ட உஷ்ஷுன்னது தப்புத்தான் சாமி, ரசமே வை” என்றார் அண்ணன். அக்கா அடுப்பைப் பற்ற வைத்தது.

பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு நேரம் ஞாபகம் வந்தது, ஏன் இத்தனை நாள் இது மட்டும் வரவில்லை. பெரியம்மா ஓயாமல் பேசுவாள், அரிசியிலிருந்து சம்பந்தி வரைக்கும், அவர் காதில் ஒன்றும் விழாது. ஆனால் சோற்றைப் பிசைகிற கையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், தலையை ஆட்டுவார், ஒரு வார்த்தை விடாமல் பிடித்துக்கொள்வார். “காது இருக்கறப்ப அதெல்லாம் சத்தம்டா, காது போனப்பறம்…” என்று அவர் தொடங்கியதும் அப்படி ஒரு சாப்பாட்டில்தான். நடுவில் பெரியம்மா ரசமா மோரா என்று ஏதோ கேட்டிருப்பாள், அவர் அவள் பக்கம் திரும்பியிருப்பார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். யாரோ செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், கண்டக்டர் விசில் அடித்தார், எனக்குப் பின்னால் ஒரு அம்மா தன் மருமகளைப் பற்றி இன்னொரு அம்மாவிடம் அவிநாசி ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தது. நான் காதில் ஒன்றும் மாட்டவில்லை. வீட்டுக்கு வந்து கையைக் காலைக் கழுவினேன். ஃபேனைப் போட்டேன். அங்கே அப்போது காலை பதினொன்றரை, ஞாயிற்றுக்கிழமை, எழுந்திருப்பாள். கம்ப்யூட்டரில் ரெண்டு கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மூன்று மணிக்கு, ‘சகானா முழுசு’ கோப்பை, முதல் பதினொரு நொடியோடு, தாரிணிக்கு அனுப்பினேன்.